1914 நகான் ரிவால்வர்: ‘யாரும் கை வைக்காதது’ என்று விற்றார்கள், சதுரத்துக் குறுக்கே ஒரு கோடு இருக்கிறதே?

#1 ஒஹாயோக் காக்கா | மார்ச் 2, இரவு 10:14

வணக்கம். மூன்று வருடமாக ஓரமாக உட்கார்ந்து வாசித்தவன், இன்றுதான் வாய் திறக்கிறேன்.

போன சனிக்கிழமை இங்கே ஒரு துப்பாக்கிச் சந்தையில் என் முதல் நகானை வாங்கினேன். 1895 மாடல், ஏழு தோட்டா. சட்டகத்தின் இடப்பக்கம் பழைய ரஷ்ய எழுத்துகள், அவற்றோடு 1914 என்ற ஆண்டு. விற்றவர், “ஜார் காலத்துச் சரக்கு, யாரும் கை வைக்காதது, எண் எல்லாம் ஒன்றே” என்றார். சூடம் அணைத்துச் சத்தியம் செய்யாத குறைதான். அதற்கேற்ற விலையும் வாங்கிக்கொண்டார்.

வீட்டில் மேசை விளக்கின் கீழ் வைத்தபோதுதான் சந்தேகம் வந்தது. சட்டகத்திலும் குழலிலும் ஒரே எண், அழகாக அச்சடித்திருக்கிறது. தோட்டாக்கள் உட்காரும் உருளையிலும் அதே எண்தான். ஆனால் இலக்கங்கள் முள்ளால் கீறியதுபோல நடுங்குகின்றன. பக்கத்தில் வேறு ஓர் எண்ணைக் கோடு போட்டு அடித்திருக்கிறார்கள். சட்டகத்தில் சின்னதாக ஒரு சதுரம், அதன் குறுக்கே சாய்வாக ஒரு கோடு. கறுப்பு மெருகு புதுச் செருப்பு மாதிரி பளபளக்கிறது.

ஏமாந்துவிட்டேனா?

#2 பழைய இரும்பு | மார்ச் 2, இரவு 11:02

சதுரமும் கோடும் என்றால் கதை முடிந்தது தம்பி. அது சோவியத் படைக்கலக் கிடங்கின் மறுசீரமைப்பு முத்திரை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு லட்சக்கணக்கில் பிரித்துப்போட்டு, பாகங்களைக் கழுவி, கைக்கு வந்ததை எடுத்துக் கோத்து, மறுபடி கறுப்பேற்றி, கிரீஸில் முக்கிப் பெட்டியில் அடைத்தார்கள். உருளை வேறு ரிவால்வருடையது. அதன் பழைய எண்ணை அடித்துவிட்டு, சட்டகத்தின் எண்ணை மின்பேனாவால் எழுதியிருக்கிறார்கள். ‘எண் எல்லாம் ஒன்றே’ என்பது பொய்யில்லை, ஆனால் அந்த ஒற்றுமை பிறகு செய்துவைத்தது.

இடுப்பு உறையோடும் துடைக்கும் கம்பியோடும் இவை அமெரிக்காவில் ஒரு காலத்தில் நூறு டாலருக்குள் கிடைத்தன. நீங்கள் கொடுத்த விலையைக் கேட்க எனக்குத் தைரியமில்லை.

#3 துலாபாரம் | மார்ச் 3, காலை 6:40

இரும்பு அண்ணாச்சி எப்போதும் தீர்ப்பைச் சொல்லிவிட்டுத்தான் விசாரணையைத் தொடங்குவார். கொஞ்சம் பொறுங்கள்.

காக்கா, முதலில் எழுத்தைப் பாருங்கள். ஆலை என்பதற்கான ‘ஸவோத்’ என்ற சொல்லின் முடிவில், வயிறு பெருத்த ஆங்கில ‘b’ போன்ற எழுத்து ஒன்று தலையில் சின்னக் கொடியோடு நிற்கிறதா? உச்சரிக்கப்படாத எழுத்து அது. 1918 எழுத்துச் சீர்திருத்தத்தில் சொல்லின் ஈற்றிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். நம்மூர்ப் பழைய புத்தகத்தில் யானைத் தும்பிக்கை ‘லை’யைப் பார்த்தால், 1978-க்கு முந்தைய அச்சாக இருக்கும் என்று ஊகிக்கிறோம் இல்லையா, அதே வித்தைதான். ஆண்டு இலக்கத்தைப் பின்னால் யாரும் வெட்டிக்கொள்ளலாம். எழுத்துமுறையைப் போலி செய்கிறவர் கொஞ்சம் படித்திருக்க வேண்டும்.

அடுத்து, ‘பேரரசின் துலா ஆயுத ஆலை’ என்று மட்டும் இருக்கிறதா, நடுவில் ‘மகா பீட்டர்’ பெயரும் வருகிறதா? துலா ஆலையை 1712-ல் நிறுவியவர் பீட்டர். 200-ஆம் ஆண்டான 1912-ல்தான் அவர் பெயர் ஆலையின் பெயரில் ஏறியது. 1914 துண்டில் பீட்டர் இல்லையென்றால் எனக்கு ஐயம் வரும்.

(துலா என்பது ஊர்ப்பெயர். மாஸ்கோவுக்குத் தெற்கே இருக்கிறது. என் புனைபெயரைப் பார்த்துக் குருவாயூரில் எடைக்கு எடை வாழைப்பழம் கொடுப்பவன் என்று நினைத்துத் தனிமடல் அனுப்புகிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.)

#4 ஒஹாயோக் காக்கா | மார்ச் 3, மாலை 7:15

கொடி வைத்த எழுத்து இருக்கிறது. பீட்டரும் இருக்கிறார். பூதக்கண்ணாடியில் பார்த்தால் எழுத்தின் விளிம்புகள் கூராக இல்லை, நாள்பட்ட சோப்புக் கட்டியில் பெயர் தேய்ந்ததுபோல இருக்கின்றன. குழலின் வலப்பக்கம் சின்னச் சின்னக் குழிகள், அந்தக் குழிக்குள்ளும் கறுப்பு ஏறியிருக்கிறது.

#5 துலாபாரம் | மார்ச் 3, இரவு 8:01

அந்தக் குழியை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது. துரு முதலில் வந்தது, தேய்ப்பு அடுத்தது, கறுப்பு கடைசி. யாரும் கை வைக்காத துப்பாக்கியில் வரிசை தலைகீழாக இருக்கும். துரு கறுப்பைத் தின்றுகொண்டு வெளியே தெரியும்.

ஆக, 1914-ல் துலாவில் பிறந்தது நிஜம். பிற்பாடு கிடங்குக்குப் போய் வந்ததும் நிஜம். விற்றவர் முதல் பாதியை மட்டும் சொல்லியிருக்கிறார்.

#6 குரோய்டன் ரவி | மார்ச் 3, இரவு 11:48

ஒரு கேள்வி. குதிரையை ஏற்றாமல், விசையை மட்டும் இழுத்தால் குதிரை தானாக எழும்புகிறதா? (தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஹேமரைத்தான் குதிரை என்கிறேன். எங்கள் தாத்தா நாட்டுத் துப்பாக்கிக்கு அப்படித்தான் சொல்வார், எனக்கு அதுதான் வாயில் வருகிறது.)

ஜார் காலத்தில் இரண்டு வகை செய்தார்கள். அதிகாரிக்கு விசையை இழுத்தாலே சுடுவது. சிப்பாய்க்கு ஒவ்வொரு முறையும் குதிரையைக் கட்டைவிரலால் ஏற்றினால்தான் சுடுவது. சிப்பாய் பதற்றத்தில் தோட்டாவை வீணடிப்பான் என்ற கணக்கு. சோவியத் காலத்தில் அந்தப் பாகுபாட்டை எடுத்துவிட்டார்கள்.

#7 ஒஹாயோக் காக்கா | மார்ச் 4, காலை 7:30

காலி உருளையோடு இழுத்துப் பார்த்தேன், எழும்புகிறது. ஆனால் விரல் வலிக்கிறது. அப்படியானால் என்னுடையது அதிகாரி வகை?

#8 பழைய இரும்பு | மார்ச் 4, காலை 9:12

அவசரப்படாதீர்கள். சிப்பாய் வகையைப் பின்னால் அதிகாரி வகையாக மாற்றியது ஏராளம். கிடங்குக்குப் போய் வந்த துண்டில், விசை வேலை செய்வதை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. ‘ஜார் காலத்து அதிகாரியின் கைத்துப்பாக்கி’ என்று விளம்பரம் போட்டு இரட்டை விலைக்கு விற்பது இந்த இடைவெளியில்தான்.

விரல் வலிக்கத்தான் செய்யும். இரட்டை இயக்கத்தில், அதாவது குதிரையை ஏற்றாமல் விசையாலேயே சுடும்போது, விசைக்கு ஏறக்குறைய 9 கிலோ இழுப்பு. அரிசி மூட்டையை ஆள்காட்டி விரலால் தூக்குவது மாதிரி.

#9 மாம்பலத்தாள் | மார்ச் 4, பிற்பகல் 2:20

ஏன் அவ்வளவு கடினம்? நான் துப்பாக்கியே தொட்டதில்லை. சென்னையில் உட்கார்ந்துகொண்டு ரஷ்ய வரலாறு வாசிக்கிறவள். ‘நகான்’ என்ற சொல் அந்தக் காலத்து எழுத்துகளில் எல்லாப் பக்கத்திலும் வருகிறது. ரிவால்வர் என்றாலே அவர்களுக்கு நகான்தான் போலிருக்கிறது, நம்மூரில் நகலெடுப்பதை ஜெராக்ஸ் என்பதுபோல.

#10 துலாபாரம் | மார்ச் 4, மாலை 6:55

நல்ல கேள்வி. இந்தத் துப்பாக்கியை மற்றவற்றிலிருந்து பிரிப்பதே அந்த விசைக்குப் பின்னால் நடக்கிற வேலைதான்.

சாதாரண ரிவால்வரில் உருளைக்கும் குழலுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி உண்டு. உருளை சுழல வேண்டுமே. சுடும்போது கொஞ்சம் வாயு அந்தச் சந்தில் பக்கவாட்டில் பீறிடும். நகானில் அந்தச் சந்தையே அடைத்துவிட்டார்கள். குதிரை ஏறும்போது உருளை சுழல்வதோடு நிற்காமல், முன்னால் நகர்ந்து குழலின் பின்வாயில் போய் உட்காரும். தோட்டாவின் பித்தளை உறை, ஈயத்தை முழுதாக விழுங்கிக்கொண்டு அதற்கும் மேலே நீண்டிருக்கும். மேலிருந்து எட்டிப்பார்த்தால் குண்டு கிணற்றுத் தவளை மாதிரி உள்ளே உட்கார்ந்திருக்கும். உறையின் அந்த உதடு குழலுக்குள் நுழைந்து, வெடிக்கும்போது விரிந்து, சந்தை அடைத்துவிடும். இத்தனையையும் ஒரு விரல் இழுப்பில் செய்தால் விசை கடினமாகத்தானே இருக்கும்?

இதன் இன்னொரு விளைவு, ஒலியடக்கி இதில் உருப்படியாக வேலை செய்யும். பொதுவாக ரிவால்வரில் அது வீண், சத்தம் சந்து வழியே தப்பிவிடும். மித்தின் சகோதரர்கள் செய்த ‘பிராமித்’ ஒலியடக்கியைச் செஞ்சேனை நகானுக்குப் பயன்படுத்தியது.

காக்கா, துப்பாக்கி காலி என்பதை இரண்டு முறை உறுதிசெய்துகொண்டு, குதிரையை மெதுவாக ஏற்றி, உருளையைப் பக்கத்திலிருந்து பாருங்கள். அந்தச் சிறு நகர்வைக் கண்ணால் பார்த்த நாளில்தான் நான் இந்தப் பைத்தியத்தில் விழுந்தேன்.

#11 பழைய இரும்பு | மார்ச் 4, இரவு 9:30

அழகான பொறியியல், யார் இல்லை என்றார்கள். ஆனால் காலித் தோட்டாவை ஒவ்வொன்றாகக் கம்பியால் குத்தித் தள்ளி, பக்கக் கதவு வழியே ஏழையும் ஒவ்வொன்றாகத் திணித்து முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். அதே காலத்து ஆங்கிலேய வெப்லி நடுவில் மடிந்து ஒரே தட்டில் எல்லாவற்றையும் துப்பிவிடும். ரஷ்யர்களிடம் முன்னால் இருந்த அமெரிக்க ஸ்மித் வெஸ்ஸனும் அப்படித்தான். முன்னேற்றம் என்ற பெயரில் பின்னால் போனார்கள்.

#12 குரோய்டன் ரவி | மார்ச் 5, அதிகாலை 12:35

ஸ்மித் வெஸ்ஸன் பேச்சை எடுத்துவிட்டீர்கள், இனி நான் தூங்கினாற்போலத்தான்.

1871-ல் ரஷ்ய அரசு கொடுத்த முதல் ஒப்பந்தமே 20,000 ரிவால்வர். ரஷ்யர்கள் வெறுமனே வாங்கவில்லை, திருத்தச் சொன்னார்கள். அதுவரை அமெரிக்கத் தோட்டாவில் குண்டின் முன்பகுதி உறையின் அதே தடிமனில் வெளியே நிற்கும், மசகும் வெளியே. பையில் போட்டால் தூசியெல்லாம் ஒட்டும். குண்டை உறைக்குள் செருகு, மசகையும் உள்ளே வை என்றார்கள். அப்படிப் பிறந்ததுதான் .44 ரஷ்யன் தோட்டா. இன்றைக்கும் ரிவால்வர் தோட்டாக்கள் பெரும்பாலும் அந்த வழியில்தான் வருகின்றன. பிறகு பெர்லினில் லூத்விக் லோவே நிறுவனமும் துலா ஆலையுமே அந்த ரிவால்வரைச் செய்தார்கள்.

1871-ல் குண்டின் அடிப்பாகத்தை உறைக்குள் தள்ளினார்கள், 1895-ல் குண்டு முழுவதையுமே உள்ளே தள்ளிவிட்டார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே பிடிவாதம் தெரிகிறது. இது என் ஊகம்தான்.

என் சொந்தப் புலம்பலும் ஒன்று. இங்கிலாந்தில் .44 ரஷ்யன் ‘வழக்கொழிந்த தோட்டா’ப் பட்டியலில் இருந்தது. அதனால் அந்த ரிவால்வரைச் சான்றிதழ் இல்லாமலே அரும்பொருளாக வைத்திருக்கலாம். 2021 மார்ச்சில் ஏழு தோட்டா வகைகளைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள், இதுவும் அதில் போயிற்று. பழைய துப்பாக்கிகள் குற்றவாளிகள் கைக்குப் போகின்றன என்பது காரணம், அதை மறுக்க முடியாது. ஆனாலும் அலமாரியில் அந்தக் காலி இடத்தைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

#13 மாம்பலத்தாள் | மார்ச் 5, காலை 10:05

நான் கேட்க நினைத்ததை இப்போது கேட்டுவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். 1918-ல் யெக்காத்தரின்புர்க் நிலவறையில் ஜார் குடும்பத்தைச் சுட்ட ஆயுதங்களில் நகான்களும் உண்டு. ஸ்டாலினின் 1937-38 களையெடுப்பில் எத்தனையோ பிடரிகளுக்குப் பின்னால் நின்றதும் இதுதான். அதன் மெருகைப் பற்றி இவ்வளவு ஆசையாகப் பேசும்போது எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

#14 துலாபாரம் | மார்ச் 5, மாலை 7:20

கோபமே இல்லை. எனக்கும் அப்படி இருந்ததுண்டு. என்னிடம் 1937 என்று முத்திரை குத்திய நகான் ஒன்று கைக்கு வந்தது, நட்சத்திரத்துக்குள் அம்பு, துலா. நன்றாக இருந்த துண்டுதான். ஒரு மாதம் வைத்திருந்துவிட்டுக் கைமாற்றிவிட்டேன். அது எங்கே இருந்தது என்று எனக்குத் தெரிய வழியே இல்லை, ஏதோ ரயில்வே காவலாளியின் இடுப்பில் சும்மா தொங்கியிருக்கலாம். இருந்தாலும் அந்த ஆண்டைப் பார்த்துக்கொண்டு தூங்க முடியவில்லை.

மற்றவர்கள் வைத்திருக்கிறார்கள், தப்பு என்று சொல்லமாட்டேன்.

#15 பழைய இரும்பு | மார்ச் 5, இரவு 8:44

நான் வைத்திருக்கிறேன். வாளும் ஈட்டியும் அருங்காட்சியகத்தில் இருந்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். என் கட்சி இதுதான்: கிடங்கு மறுசீரமைப்பு என்பது நம்மூரில் கோயில் திருப்பணி என்று சொல்லி மணலைப் பீய்ச்சிக் கல்வெட்டைத் தேய்த்த கதை. பார்க்கச் சுத்தமாக இருக்கும், படிக்க ஒன்றும் மிஞ்சாது. சேகரிப்பதென்றால் தொடாததைச் சேகரியுங்கள். பெல்ஜியத்தின் லீஜ் நகரில் நகான் தொழிற்சாலையே 1898 வரை செய்து கொடுத்த முதல் 20,000-ல் ஒன்று கிடைத்தால் விடாதீர்கள். 1898-ம் அதற்கு முன்னும் செய்தது அமெரிக்கச் சட்டப்படி அரும்பொருள்தான். அல்லது ஃபின்லாந்துப் படையின் ‘எஸ்ஏ’ முத்திரை கட்டத்துக்குள் இருப்பது. அல்லது வியட்நாமிலிருந்து சிப்பாய் கொண்டுவந்தது, இறக்குமதியாளர் முத்திரை இருக்காது. போலந்தின் ரடோம் ஆலை 1930களில் செய்ததும் நல்ல வேட்டை.

#16 துலாபாரம் | மார்ச் 5, இரவு 10:10

அண்ணாச்சி, உவமை நல்லது, ஆனால் பாதிதான் பொருந்துகிறது. சோழன் எழுப்பிய கோயிலில் நாயக்கர் மண்டபம் கட்டினார், அதற்கப்புறம் யாரோ சுண்ணாம்பு அடித்தார். மண்டபத்தை இடித்தால்தான் கோயில் அசல் என்போமா?

மணல் பீய்ச்சியவன் பெயரை எழுதிவைக்கவில்லை. கிடங்குக்காரன் எழுதிவைத்திருக்கிறான். அந்தச் சதுரமும் கோடும் அவன் கையெழுத்து. பழைய எண்ணைச் சுரண்டி மறைக்காமல் கோடு போட்டு, படிக்கும்படி விட்டிருக்கிறான். பொய் சொல்ல நினைத்தவன் அப்படிச் செய்யமாட்டான். 1914-ல் ஒரு போருக்குச் செய்த இரும்பு, இன்னொரு போரும் முடிந்தபின் பிரித்து எண்ணப்பட்டு, மூன்றாவது போருக்காக கிரீஸில் காத்திருந்தது. எனக்கு அது சுவாரசியமான ஆவணம். விலை குறைவு என்பது வேறு விஷயம்.

ஏமாற்று என்றால், அந்தச் சதுரத்தை அரத்தால் ராவி எடுத்துவிட்டு ‘தொடாதது’ என்று விற்பதுதான். சில துண்டுகளில் அந்த இடத்தில் தட்டையான பள்ளம் தெரியும். சாய்த்துப் பிடித்தால் வெளிச்சம் அங்கே மட்டும் வளையும்.

#17 குரோய்டன் ரவி | மார்ச் 6, காலை 7:00

இரண்டாம் உலகப் போரின்போது இஷெவ்ஸ்க் ஆலை செய்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முக்கோணத்துக்குள் அம்பு முத்திரை. ஜெர்மானியர் நெருங்கியபோது, 1941 இலையுதிர்காலத்தில் துலா ஆலையின் எந்திரங்களை ரயிலேற்றிக் கிழக்கே அனுப்பிவிட்டார்கள். அந்தப் போர்க்காலத் துண்டுகளில் கடைசல் எந்திரம் போன தடம் அப்படியே வரிவரியாக இருக்கும், மெருகேற்ற நேரமில்லை. கிடங்கில் மறுபடி கறுப்பேற்றினாலும் அந்த வரிகள் போகாது. எனக்கு ஜார் காலத்து வழவழப்பைவிட அந்தச் சொரசொரப்புதான் பிடிக்கும்.

#18 சேலத்துப் பையன் | மார்ச் 6, பிற்பகல் 1:15

அண்ணா, இந்தியாவில் ஒன்று வாங்கி வைக்க ஏதாவது வழி?

#19 மாம்பலத்தாள் | மார்ச் 6, பிற்பகல் 1:52

தம்பி, உரிமம் இல்லாமல் துப்பாக்கி கிடக்கட்டும், தோட்டாவே வைத்திருக்கக் கூடாது. 2019 ஆயுதச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு உரிமம் உள்ளவரும் பொதுவாக இரண்டுக்கு மேல் வைத்திருக்க முடியாது. இணையத்தில் ‘பழசுதானே, பரவாயில்லை’ என்பவர் யார் பேச்சையும் கேட்காதே. பழைய புகைப்படங்களைச் சேர். யார் இடுப்பில், எந்தப் பக்கம், என்ன கயிற்றோடு தொங்குகிறது என்று பார்த்து எழுது. அதை வைத்துப் படம் எடுத்த ஆண்டையே சிலசமயம் பிடிக்கலாம்.

(என் கேள்விக்குத் துலாபாரம் நேராகப் பதில் சொன்னதற்கு நன்றி. அண்ணாச்சி சொன்ன வாள், ஈட்டி சமாதானம் எனக்கு ஒப்பவில்லை.)

#20 ஒஹாயோக் காக்கா | மார்ச் 8, இரவு 9:33

இந்த வாரயிறுதியில் பிரித்துவிட்டேன். சரியான அளவு திருப்புளி இல்லாமல் தொடாதே என்று முன்பு யாரோ எழுதியிருந்தார்கள், அதற்காகவே ஒன்றைத் தேய்த்து அகலம் குறைத்துக்கொண்டேன். பக்கத் தகடு வராமல் அடம்பிடித்தது. பிடியின் வெறும் சட்டத்தில் மரச் சுத்தியல் கொண்டு இரண்டு தட்டு, எழும்பிவிட்டது. உள்ளே மூலையில் பழைய கிரீஸ், வெல்லப்பாகு நிறத்தில், நாவல் கொட்டை அளவு உருண்டையாக இறுகிக் கிடந்தது. கல்யாண வீட்டுப் பின்கட்டு ஜெனரேட்டர் வாடை.

துடைத்தபின் தெரிந்தவை: பக்கத் தகட்டின் உட்புறம் உள்ள எண், சட்டகத்தின் எண்ணேதான். அச்சடித்தது, கீறியதல்ல. கறுப்பும் அங்கே பழைய மங்கல் நிறம். பிடியின் மரப் பலகை இரண்டிலும் உள்ள எண்கள் ஒன்றுக்கொன்றும் சேரவில்லை, சட்டகத்தோடும் சேரவில்லை. குழல் முனையில் குறிபார்க்கும் முன்குறி அரைவட்டமாக இருக்கிறது.

விற்றவருக்கு மூடிய பக்கமும் திறந்த பக்கமும் படம் எடுத்து அனுப்பினேன். விலை வித்தியாசத்தில் பாதியைத் திருப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வந்தால் சொல்கிறேன்.

#21 பழைய இரும்பு | மார்ச் 8, இரவு 10:20

அரைவட்ட முன்குறி பழைய பாணி, 1930களில் வடிவத்தை மாற்றினார்கள். ஆகச் சட்டகம், குழல், பக்கத் தகடு, முன்குறி நான்கும் 1914. உருளையும் பலகையும் அகதிகள். நான் நினைத்ததைவிடப் பரவாயில்லை. ‘கதை முடிந்தது’ என்றதை வாபஸ் வாங்குகிறேன், மணல் பீய்ச்சியதை வாபஸ் வாங்கவில்லை.

#22 ஒஹாயோக் காக்கா | மார்ச் 8, இரவு 10:41

நன்றி அண்ணாச்சி. ஒரு சின்னச் சந்தேகம். திரும்பக் கோத்தபின் குதிரையை ஏற்றினால் ஏழில் ஒரு அறை மட்டும் முன்னால் நகரும்போது லேசாக இடிக்கிறது. மற்ற ஆறும் வழுக்கிக்கொண்டு போகின்றன.

#23 துலாபாரம் | மார்ச் 8, இரவு 11:05

அகதி உருளைதானே, ஒரு வாய் அந்தக் குழலோடு இன்னும் பழகவில்லை. அரத்தை எடுத்துவிடாதீர்கள். முதலில் அந்த அறையின் முன்விளிம்பை மெல்லிய துணியால் துடைத்துப் பாருங்கள், பாதி நேரம் கிரீஸ்தான். போகவில்லையென்றால் கீழே விழுந்த அடியில் விளிம்பு மடங்கியிருக்கலாம். சுடாமல் வைத்திருந்து, விளக்கைச் சாய்த்துப் படம் எடுத்துப் போடுங்கள், பார்க்கலாம். எந்த அறை என்று மறந்துபோகும், வெளியே சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.